பாலம் தாண்டிப் பழகிய கார்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கஞ்சன் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கஞ்சன் என்பவன் செலவே செய்யமாட்டான், தான் செலவு செய்கிறவன்தான், ஆனால் இடம் பார்த்துச் செய்கிறவன் என்பார். அந்த இடம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பாலத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதுதான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், ஒரு வரி. அந்தப் பக்கம் வேறு நிர்வாகம், வேறு வரி. பெட்ரோல் என்னவோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே டேங்கர் லாரியில்தான் வருகிறது. மாஸ்டர் அந்த லாரியின் நம்பரையே சொல்வார். ஆனால் கோட்டைத் தாண்டியதும் லிட்டருக்குப் பதினொரு ரூபாய் குறைந்துவிடும். ஒரு மாதம் அங்கே நிரப்பினால் ஒரு ஜோடி நல்ல செருப்பு மிச்சம். இந்த அக்கிரமத்தை நினைத்து ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒருவர்தான் புலம்புவதை விட்டுவிட்டு வழியைப் பார்த்தார்.

அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் விலை வாரத்துக்கு இரண்டு முறை ஏறியது. ஃபீஸ் அப்படி ஏறுமா? எதிர்வரிசையில் இருக்கிற இன்னொரு டிரைவிங் ஸ்கூல்காரர் ஏற்றினால்தான் இவரும் ஏற்ற முடியும், அந்த மனிதரோ ஏற்றுவதாகவே இல்லை. மாஸ்டர் முதலில் காரில் ஏசியை நிறுத்தினார். அடுத்து, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடுகிறவர்களை முறைத்தார். பிறகு ஹாரனைக்கூட அளவாக அடிக்கச் சொன்னார். அதெல்லாம் எந்த மூலைக்கு?

கடைசியில் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த யோசனை வந்தது. பழக வருகிறவர்கள் எப்படியும் முக்கால் மணி நேரம் எங்கேயாவது ஓட்டித்தான் ஆகவேண்டும். அந்த எங்கேயாவது பாலத்துக்கு அந்தப் பக்கத்து பங்க்காக இருந்துவிட்டால்? போய் வருகிற பெட்ரோல் பாடத்தோடு போயிற்று, நிரப்புவதில் வருகிற மிச்சம் கையோடு வந்தது. அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாயில் நுரையோடு போய் மனைவியிடம் சொன்னார்.

அன்று முதல் அவருடைய ஸ்கூலில் ஒரே பாடம்தான். ஸ்கூல் வாசலில் கிளம்பி, ரவுண்டானாவில் இடது திரும்பி, நேரே நாலு கிலோமீட்டர், பாலம், பங்க். பங்க்கில் எப்போதும் வரிசை நிற்கும், ஏனென்றால் இந்தப் பக்கத்து ஜனம் பாதி அங்கேதான் இருந்தது. "கிளட்ச் பழக வரிசையை விட நல்ல இடம் கெடையாது" என்பார் மாஸ்டர். பாதிப் பாடம் வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்வதிலேயே முடிந்தது. அப்புறம் இரண்டாம் நம்பர் பம்ப். அதில் அளவு தாராளம் என்பது அவர் நம்பிக்கை. மூன்று லிட்டர் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். இப்படி நாலு வருஷம் ஓடியது, யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

குறை வந்தது இந்த வருஷம்தான். லைசென்ஸ் ஆபீஸுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்து டெஸ்ட்டையே மாற்றிவிட்டார். அதிலிருந்து மாஸ்டரிடம் பழகியவர்கள் வரிசையாக ஃபெயில். ஆறு மாதத்தில் ஒன்பது டெஸ்ட், ஒன்பதும் ஃபெயில். எதிர்வரிசைக்காரரின் ஆட்கள் மட்டும் வாயெல்லாம் பல்லாக லைசென்ஸோடு வெளியே வந்தார்கள். மாஸ்டர் தன் ஆட்களைக் கூப்பிட்டு வைத்து, "கவனமே இல்ல உங்களுக்கெல்லாம்" என்று திட்டினார். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஒன்பதில் இரண்டு அவருடைய மனைவியின் டெஸ்ட்.

மனைவி எட்டு வருஷமாக ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயா. காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை ஏற்றி, இறக்கி, வாந்தி எடுத்தால் துடைத்து, அழுதால் சமாதானம் சொல்லும் வேலை. வேன் டிரைவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். "நீங்களே ஓட்டுங்களேன், பிள்ளைங்களுக்கும் பழக்கம்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டிருந்தார். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திங்கள்கிழமை ஒரு கம்பெனி வேன் வரும், அது டிரைவரோடும் ஆயாவோடும் சேர்ந்து வரும். அதாவது இருக்கிற வேலையும் போய்விடும். மூன்றாம் முறையும் ஃபெயிலானால் ஆறு மாதம் டெஸ்ட்டுக்கே போக முடியாது. மூன்றாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் பொறுக்கமுடியாமல் லைசென்ஸ் ஆபீஸுக்கே போய்விட்டார். இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு கோப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். நிதானமான மனுஷி, சிரிப்பை வெளியே காட்டாமல் வைத்திருக்கத் தெரிந்தவர்.

"உங்க ஆளுங்க வண்டி நல்லாத்தான் ஓட்டறாங்க மாஸ்டர். அதுவும் நெரிசல்ல நகர்த்தறது இருக்கே, இருபது வருஷம் ஓட்டினவங்க தோத்துப்போகணும்."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

"கடைசி பதினஞ்சு நிமிஷத்துலதான் வந்து மாட்டிக்கறாங்க. அதுல நான் வழி சொல்லமாட்டேன். 'இனிமே உங்க இஷ்டம், எங்க வேணா போங்க, எல்லையத் தாண்டாம பதினஞ்சு நிமிஷத்துல இதே கேட்டுக்கு வந்துடுங்க'ன்னு மட்டும்தான் சொல்வேன். சொந்தமா யோசிச்சு ஓட்டறாங்களான்னு பாக்கணும்ல."

"நியாயம்தானே மேடம்."

"உங்க ஆளுங்க எல்லாரும் தலையாட்டறாங்க. ஆட்டிட்டு, நேரா பாலத்துக்குப் போறாங்க." அவர் கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். "பேங்க் கேஷியர். எல்லை தாண்டினார். பங்க்ல ரெண்டாம் நம்பர் பம்ப்ல நிறுத்தி, டேங்க் மூடியத் திறந்தார். தையல்காரர். எல்லை தாண்டினார். ரெண்டாம் நம்பர் பம்ப். மூணு லிட்டர்னு சொன்னார். ஏன் இங்க வந்தீங்கன்னு கேட்டேன். 'தெரியல மேடம், கை தானா வந்துடுச்சு'ன்னார். பல் டாக்டர். கோடு வந்ததும் 'எல்லை, எல்லை'ன்னு நானே சொன்னேன். 'ஆமா மேடம், தாண்டினதும் பங்க்தான்'னார்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"போன மாசம் உங்க வீட்டம்மா. அங்க பம்ப்ல நிக்கறவர் 'வாங்கக்கா, மாஸ்டர் வரலையா'ன்னு கேக்கறார். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்." இன்ஸ்பெக்டர் அம்மா கோப்பை மூடினார். "மூணாவது தடவைன்னா சொல்லிக்கொடுத்தவரும் பின்சீட்ல இருக்கணும்ங்கறது விதி. வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க. ஆனா ஒரு வார்த்தை பேசினாலும் டெஸ்ட் ரத்து."

வீட்டுக்கு வரும்வரை மாஸ்டருக்கு மனைவி மேல்தான் கோபம். அவர் கோபம் எப்போதும் அப்படித்தான், தன்னிடம் வருவதற்கு முன்னால் வேறு ஒருத்தர் வீட்டில் தங்கிவிட்டு வரும்.

"பாலத்துக்குப் போனதாலதான் ஃபெயிலுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் வேன் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மொதல் தடவையே சொன்னேன். 'பாலத்துல போனா என்ன, நல்ல ரோடுதானே'ன்னீங்க."

"ரெண்டாவது தடவை?"

"அன்னிக்கு விலை ஏறியிருந்துச்சு. உங்ககிட்ட யாரு பேசறது?"

காலேஜில் படிக்கும் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, அம்மா கண்ணக் கட்டிவிட்டாக்கூட அந்த பங்க்குக்குப் போயிடுவாங்க. பாவம், கார் போகுது, அவங்க கூடப் போறாங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. எட்டு வருஷம் பிறத்தியார் பிள்ளைகளின் வாந்தியைத் துடைத்தவளுக்கு ஒரு ஸ்டியரிங் கிடைக்கப் போகிறது, அதைத் தன் பதினொரு ரூபாய் தட்டிப் பறித்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தார். ஆனால் அழுகிற சாதி இல்லை அவர், திட்டம் போடுகிற சாதி. சிலேட்டை எடுத்து ஒரு வழி வரைந்தார். ஆபீஸ் கேட், ரவுண்டானா, நேரே மார்க்கெட் ரோடு, மணிக்கூண்டு, திரும்ப கேட். பன்னிரண்டு நிமிஷம். பாலத்தின் வாசனையே கிடையாது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அதே வழியில் அவளை ஓட்டவைத்தார். ரவுண்டானா வந்ததும் அவள் கை இடது பக்கம் போகும், அவர் "நேரே" என்பார். கை மறுபடி போகும், மறுபடி "நேரே". வியாழன் மாலைக்குள் நூறு "நேரே" ஆகியிருக்கும். கை படிந்துவிட்டது.

இதில் ஒரே ஒரு சங்கடம். மனைவியின் கையை மறுபடி கெடுக்கக்கூடாது என்று மாஸ்டர் பாலத்தின் பக்கமே போகவில்லை. எனவே பெட்ரோலும் போடவில்லை. இந்தப் பக்கம் போடலாமே என்று கேட்பீர்கள். மனைவியும் கேட்டாள். அவர் போய் பங்க் வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். வியாழன் காலையில்தான் மறுபடி ஏற்றியிருந்தார்கள். ஒரு நிமிஷம் நின்றார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

"இருக்கறது போதும்" என்றார். "முள்ளு சிவப்புக்குக் கீழ போனாலும் எட்டு கிலோமீட்டர் ஓடும். டெஸ்ட்டுக்கு ஆறு. முடிஞ்சதும் நேரா பாலம்."

"பாலத்துக்கு நாலு ஆகுமே."

"இறக்கம்தானே" என்றார் மாஸ்டர்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மனைவி ஸ்டியரிங்கில், பக்கத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா மடியில் கோப்போடு, பின்சீட்டில் மாஸ்டர். பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. சீட் கிழிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ரிவர்ஸ் நன்றாக எடுத்தாள். சரிவில் நிறுத்திக் கிளப்பினாள், கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா வாட்சைப் பார்த்தார்.

"இனிமே உங்க இஷ்டம்மா. எல்லையத் தாண்டாம பதினஞ்சு நிமிஷத்துல இதே கேட்டு."

ரவுண்டானா வந்தது. அவள் கை இடது பக்கம் போகவே இல்லை. நேரே போனது. மாஸ்டருக்குப் பெருமூச்சு வந்தது, ஆனால் அது பாதி வழியில் நின்றுவிட்டது. மார்க்கெட் ரோட்டின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகத் தடுப்பு வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய்க்காக நேற்றிரவே ரோட்டைக் கிழித்துப் போட்டிருந்தார்கள்.

அவள் காரைத் திருப்பிக்கொண்டு வந்து ரவுண்டானாவைச் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்று. இடது பக்கம் பாலம், நேரே பள்ளம், மிச்சம் இருந்தது வலது பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கம் மாஸ்டர் அவளை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. பின்சீட்டில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முள் சிவப்பில் படுத்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை மில்லி என்று அவர் மனசு தானாகக் கணக்குப் போட்டது. தன் மனசை அவரே அப்போது வெறுத்தார்.

நாலாவது சுற்றில் அவள் வலது இண்டிகேட்டரைப் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். குறுகலான தெரு, கார் போகுமா என்று அவரே யோசிக்கிற தெரு. அவள் அலட்டிக்கொள்ளாமல் நுழைந்தாள். முனையில் வேகத்தைக் குறைத்தாள், குறைத்த இடத்தில் ஒரு சைக்கிள் வந்தது. ஒரு பச்சை கேட்டுக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "இங்க ரெட்டைப் பிள்ளைங்க மேடம். ஒருத்தி வந்தா இன்னொருத்தி ஷூவத் தேடுவா. பழக்கத்துல நின்னுட்டேன்." கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மறுபடி கிளம்பினாள்.

அடுத்து ஒரு வேகத்தடை. அதைத் தூங்கும் பிள்ளை விழிக்காதபடி ஏறி இறங்கினாள். "இந்தத் திருப்பத்துல எப்பவும் தண்ணி லாரி நிக்கும்" என்றாள், நின்றது. இன்னும் மூன்று கேட்டுகளில் நின்றாள். கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டர் அம்மா கடைசி கேட்டில் "இங்க யாரு?" என்று தானே கேட்டார்.

"இங்க ஒரு வாண்டு மேடம். ஏறினதும் எம்மடியிலதான் உக்காரும். திங்கள்கிழமையிலேர்ந்து என்ன செய்யுமோ."

எட்டு வருஷமாக வேனின் பின்சீட்டில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன வழி அது. ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்படி ஒரு ஓட்டம் ஓட்டத் தெரிந்தவளுக்கு வரிசையில் நகரக் கற்றுக்கொடுத்தோமே என்று மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

பதின்மூன்றாவது நிமிஷம் ஆபீஸ் தெருவுக்குள் திரும்பினாள். கேட் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது கார் ஒரு தும்மல் தும்மியது. இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

அவள் சாவியைத் திருப்பினாள். இருமியது. மறுபடி திருப்பினாள். இருமக்கூட இல்லை.

"பெட்ரோல்" என்று சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார், சொன்னால் டெஸ்ட் ரத்து என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். சிலேட்டில் போட்ட வழிக்கு அளந்துவைத்த பெட்ரோல் இது. ரவுண்டானா நாலு சுற்றுக்கும் ரெட்டைப் பிள்ளைகளுக்கும் அதில் இடமில்லை. கேட்டுக்கு இன்னும் நூறு அடி. இன்ஸ்பெக்டர் அம்மா வாட்சைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் அம்பது செகண்ட் இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மனைவி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பேசக்கூடாது என்றுதான் விதி. கையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ஒரே வேகத்தில் சட்டைக் கையை மடித்தார், காரின் பின்பக்கம் தோளைக் கொடுத்தார். உள்ளே இரண்டு பெண்மணிகள், ஒரு கோப்பு, நாலு வருஷத்துப் பிடிவாதம். எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினார். கார் அசைந்தது. கியரை நியூட்ரலுக்கு மாற்றியிருந்தாள் அவள், அதை அவர் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆபீஸ் வாசலில் டெஸ்ட்டுக்குக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வரிசைக்காரரும் இருந்தார், மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு. மாஸ்டருக்கு மானம் போனது, மூச்சும் போனது, கால் மட்டும் நிற்கவில்லை. கேட் வந்ததும் அவள் இண்டிகேட்டர் போட்டாள், கையையும் வெளியே நீட்டிக் காட்டினாள், கோட்டுக்குள் நேராகத் திருப்பி நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா இறங்கி வந்து, பின்பக்கம் டிக்கியின் மேல் கவிழ்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்தார்.

"வண்டியில பெட்ரோல் இல்லாம டெஸ்ட்டுக்கு அனுப்பினதுக்கு உங்க ஸ்கூலுக்கு ஒரு நோட்டீஸ் வரும்."

"சரிங்க மேடம்."

"வண்டி நின்னது ஓட்டினவங்க குத்தம் இல்ல. பதினாலு நிமிஷம் நாப்பது செகண்ட். எஞ்சின் இல்லாமலே இவ்வளவு நேரா நிறுத்தறவங்கள நான் பாத்ததில்ல." கோப்பில் கையெழுத்துப் போட்டார். "உள்ள போய் லைசென்ஸ வாங்கிக்கங்கம்மா. அந்த வாண்டுகிட்டயும் சொல்லிடுங்க."

மனைவி சிரித்தாள். அடுத்த நொடி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் காரைத் துடைத்தார்.

அவள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை பங்க்குக்குப் போனார். இந்தப் பக்கத்து பங்க். பலகையில் எழுதியிருந்ததை ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார், எவ்வளவு போடட்டும் என்று கேட்டவரிடம் "கேன் ரொம்பறவரைக்கும்" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்பது உண்மை.

திரும்பி வந்தபோது அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து லைசென்ஸில் இருந்த தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்ரோலை ஊற்றிவிட்டு அவர் பக்கத்து சீட்டில் ஏறினார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது.

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பன்னெண்டு மணிக்குள்ள காட்டினாப் போதும்" என்றாள். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்குங்க. நான் ஓட்டி நீங்க சும்மா உக்காந்து வந்ததே இல்ல. எங்கயாவது போலாம். எங்க போகணும், சொல்லுங்க."

மாஸ்டர் சொல்லலாம் என்று வாயெடுத்தார். ஊரை ஒருமுறை மனசுக்குள் சுற்றிவந்தார். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு, பெட்ரோல் போடுகிற இடம் தவிர வேறு ஓர் இடம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"யோசிங்க, அவசரம் இல்ல" என்றாள் அவள், எஞ்சினை அணைக்காமல். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.